பதினேழாம் எண் கோலி

குழாய் பதிப்பவர் என்பதே அவருடைய தொழிலுக்கு முறையான பெயர். ஆனால் அக்கம்பக்கத்தார் வாயில் அவர் வெறும் சாக்கடைக்காரர். முப்பது ஆண்டுகளாக எவர் வீட்டு வாசலில் அவர் போய் நின்றாலும் அவர்கள் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பிறகுதான் உள்ளே வரச் சொன்னார்கள். அதற்காக அவர் வருத்தப்பட்டதாக யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தாம் கொண்டுவந்த ஏதாவது ஒரு பொருளின் முன்னால் நாலு பேர் நின்று, கையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை ஐம்பத்தேழாம் வயதில் அவரைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது.

அந்தப் பொருள் கோலிக்குண்டு. குழி தோண்டுகிறவருக்கு மண் என்னென்னவோ எடுத்துக் கொடுக்கும்: பீங்கான் துண்டு, துருப்பிடித்த சாவி, ஒற்றைச் செருப்பு. ஜோடியாக அது எதையும் கொடுத்ததில்லை. மற்றவற்றையெல்லாம் மண்ணுக்கே விட்டுவிட்டுக் கண்ணாடிக் கோலிகளை மட்டும் அவர் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக உட்காரவைப்பார். முட்டை அட்டைகள் பதினான்கு சேர்ந்து சாப்பாட்டு மேசை முழுவதையும் ஆக்கிரமித்தபோது, தையல் தொழில் செய்யும் அவருடைய மனைவி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டார்.

கோலியின் வயதை அறியும் சோதனை சமையலறை ஜன்னலருகே பூதக்கண்ணாடியோடு நடக்கும். கையால் செய்த பழைய கோலியில், கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டி எடுத்த இடத்தில் சொரசொரப்பான ஒரு தழும்பு இருக்கும். இயந்திரக் கோலியில் அது இருக்காது. வெளிர்பச்சையாக, உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருந்தால் சோடாப் பாட்டிலின் கழுத்தில் குடியிருந்த கோலி. அந்தத் தழும்புக்கு அவர் வைத்த பெயர் தொப்புள். வந்த விருந்தினர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் குறைந்தது மூன்று தொப்புள்களையாவது காட்டிவிடுவார்.

எல்லாவற்றிலும் சிறந்தது பதினேழாம் எண். உள்ளே மஞ்சளும் சிவப்பும் நாடாவாக முறுக்கிக்கொண்டிருக்கும். மேலும் கீழும் இரண்டு தொப்புள்கள். அவர் பிறந்து வளர்ந்த வீட்டின் முற்றத்தில், இப்போது அவருடைய அக்கா குடியிருக்கும் அந்த வீட்டில், குழாய் மாற்றும்போது மூன்றடி ஆழத்தில் கிடைத்தது. ஓரடிக்கு முப்பத்தைந்து ஆண்டு என்பது அவருடைய கணக்கு. ஆகவே நூற்றைந்து ஆண்டு. இந்தக் கணக்கை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, அவரும் சொன்னதில்லை.

நூலகத்தில் அடைத்துக்கொண்ட குழாயைச் சரிசெய்யப் போன இடத்தில் அவர் நூலகர் அம்மாளிடமும் தொப்புள் காட்டினார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. வாசலில் வெறுமையாக நிற்கும் கண்ணாடி அலமாரியை ஒரு மாதத்துக்குத் தருவதாகச் சொன்னார். இருபது கோலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்புச் சீட்டு, கதவில் ஒட்ட ஒரு நல்ல புகைப்படம். எல்லாம் சனிக்கிழமைக்குள் வர வேண்டும். ஒரே ஒரு நிபந்தனையும் விதித்தார்.

“நிரூபிக்க முடியாததை எழுதாதீங்க சார். தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க.”

புகைப்படம் எடுப்பது குழி தோண்டுவதைப் போல எளிதாக இல்லை. முதலில் கோலி உருண்டது. அதைக் குழாய்த் திருகுக்குள் போடும் ரப்பர் வாஷரின் மேல் உட்காரவைத்து அடக்கினார். அடுத்து, எடுத்த படத்திலெல்லாம் கோலிக்குள் பனியன் போட்ட ஒருவர் நின்றார். அவருக்கு முன்னால் அவருடைய வயிறு வந்து நின்றது. கண்ணாடியின் வளைவு எதையும் பெருக்கிக் காட்டும் என்று அவர் விளக்கியபோது மனைவி ஊசியில் நூல் கோத்தபடியே, “கோலி மேல பழி போடாதீங்க” என்றார்.

ஆனாலும் கோலியில் அவர் உருவம் விழாமலிருக்கப் பாவாடை உள்துணியில் கறுப்பாக நான்கு கஜம் எடுத்து, கைப்பேசியின் கண்ணுக்கு மட்டும் ஒரு துளை வைத்துத் தைத்துக் கொடுத்தவரும் அவரே. அதைத் தலையோடு கால் போர்த்திக்கொண்டு இவர் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் மணி அடித்தது. இவர் அப்படியே எழுந்து போய்க் கதவைத் திறந்தார். கையெழுத்து வாங்க வந்த தபால்காரர் தபாலைப் படியில் போட்டுவிட்டு, கையெழுத்தையும் மறந்து, சைக்கிளையும் மறந்து, நடையைக் கட்டிவிட்டார்.

நாற்பத்து மூன்றாவது படம் கச்சிதமாக விழுந்தது. நாடாவின் முறுக்கும், தொப்புளும், விளிம்பில் ஒரு சின்னச் சில்லு போயிருந்ததும் துல்லியமாகத் தெரிந்தன. வியாழக்கிழமை காலை அதை நூலகருக்கு அனுப்பினார். பெருமை தாங்காமல் குடும்பத்தாருக்கும் அனுப்பினார். நூலகர் அதைப் பெரிதாக அச்சிட்டுக் கதவில் ஒட்டிவிட்டதாகப் பதில் வந்த அதே வேளையில், கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி அக்கா வந்து நின்றார்.

“இது எங்கடா கிடைச்சுது?”

“நம்ம வீட்டு முற்றத்துலதான், அக்கா. நூறு வருஷத்துக்கு மேல பழசு.”

“இந்தச் சில்லு நான் மாடிப்படியில தவறவிட்டு உடைஞ்சது. மாடியே நான் பொறந்த பிறகுதான் கட்டினாங்க.” அக்கா மூச்சு வாங்கிக்கொண்டார். “இதை நீ முழுங்கிட்டேன்னு சொன்னியேடா.”

அவருக்கு எதுவும் நினைவில்லை. அக்காவுக்கு எல்லாம் நினைவிருந்தது. அப்போது அவருக்கு வயது ஏழு, அக்காவுக்குப் பத்து. கோலியைக் காணவில்லை என்று அக்கா அவருடைய காதைப் பிடித்துத் திருகியபோது, முழுங்கிவிட்டதாகச் சொல்லித் தப்பித்திருக்கிறார். வீடு அல்லோலகல்லோலப்பட்டது. வாழைப்பழம் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள் என்றார் மருத்துவர். மூன்று நாளில் பதினொரு பழம் உள்ளே போயிற்று. அத்தை அவருடைய வயிற்றில் காதை வைத்து, உருளும் சத்தம் கேட்பதாகவே சாதித்தார். அப்பா கழிவறைக்கு வெளியே கையில் குச்சியோடு மூன்று நாளும் காவல் இருந்தார், எதுவும் அகப்படவில்லை. தம்பி பிழைக்க மாட்டான் என்று நம்பிய அக்கா, தம்முடைய வண்ணப் பென்சில் பெட்டியை அழுதுகொண்டே அவருக்குக் கொடுத்துவிட்டார்.

பதினொரு பழம் என்றதும் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதோடு நினைவும் வந்தது: தண்ணீர்க் குழாயடி, கரண்டியால் தோண்டிய அரையடிக் குழி.

“அதான் இத்தனை வருஷமா இவருக்கு வாழைப்பழம் ஆகலையா?” என்றார் மனைவி, மிகுந்த தெளிவு பெற்றவராக.

அரையடி எப்படி மூன்றடியாயிற்று என்பதற்கும் விடை அவரிடமே இருந்தது. மழைநீர் தேங்குகிறதென்று அப்பா முற்றத்தை இரண்டரையடி உயர்த்தினார். அந்த மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டியவர் பதினெட்டு வயதில் இவரேதான். மண்ணையே தொழிலாகக் கொண்டவர், தாம் கொட்டிய மண்ணைத் தாமே தோண்டி, நூற்றைந்து ஆண்டு என்று தீர்ப்பு எழுதியிருந்தார்.

அக்கா பேரம் பேசவில்லை. “அலமாரியில வைக்கணும்னா நடந்ததை எழுதி வை. இல்லைன்னா குடு, நான் எடுத்துட்டுப் போறேன்.”

அவர் இரண்டு நாள் தவித்தார். படம் கதவில் ஒட்டியாயிற்று. பதினேழாம் எண் இல்லாமல் அலமாரியைத் திறக்க வழியில்லை. உண்மையை எழுதினாலோ, மூக்கைப் பொத்தியவர்கள் இனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நடுவழி ஒன்று கண்டுபிடித்து, ‘உரிமையாளர்: ஒரு சிறுமி. புதைத்தவர்: தெரியவில்லை’ என்று எழுதி மனைவியிடம் காட்டினார்.

“தெரியாததைத்தானே தெரியலைன்னு எழுதச் சொன்னாங்க,” என்றார் மனைவி.

அவர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். முழுங்கியதாகச் சொன்னது, பழம், குச்சி, பென்சில் பெட்டி எல்லாம் இடம்பெற்றன. சீட்டு இரண்டு பக்கத்துக்கு நீண்டது.

சனிக்கிழமை நூலகர் இருபது சீட்டுகளையும் நின்றபடி படித்தார். பத்தொன்பதில் வயது தெரியவில்லை, உரிமையாளர் தெரியவில்லை. பதினேழை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து இருமுறை படித்தார். சாட்சி உண்டா என்று கேட்டார். அக்கா முன்னால் வந்து நின்றார். “இருபதுல முழுசா நிரூபிச்சது இது ஒண்ணுதான்,” என்று சொல்லி, நூலகர் அதை நடுத்தட்டில் வைக்கச் சொன்னார்.

கூட்டம் வந்தது. குனிந்து கோலியைப் பார்த்தார்கள். நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். மறுபடியும் குனிந்து படித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் சிரித்து முடித்தவர்கள் நகரவில்லை. மற்றவற்றின் தொப்புள்களையும் காட்டச் சொன்னார்கள். அவர் காட்டினார். தபால்காரரும் வந்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. அக்கா நாள்தோறும் அலமாரிக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லத் தொடங்கினார். முதல் வாரத்தில் பதினைந்தாக இருந்த பழம் மூன்றாம் வாரத்தில் இருபத்து மூன்றாயிற்று. சீட்டில் பதினொன்று என்றே இருப்பதாகவும், அவ்வளவும் தின்றவர் தாமே என்பதால் தம் கணக்கே செல்லும் என்றும் தம்பியான அவர் நூலகரிடம் எழுத்து மூலமாக முறையிட்டார். நூலகர் இருதரப்பையும் கேட்டார். சாட்சி சொல்ல அத்தை இப்போது உயிரோடு இல்லை என்பதையும் கருத்தில் கொண்டார். மறுநாள் பதினேழாம் எண் சீட்டுக்குக் கீழே சிறியதாக இன்னொரு சீட்டு இருந்தது: ‘பழங்களின் எண்ணிக்கையில் குடும்பத்தாரிடையே கருத்து வேறுபாடு உண்டு.’