கான்பெராவின் ஒற்றை நாற்காலி

2005 ஜனவரியில் என் சித்தியை அழைத்துக்கொண்டு பெங்களூரு போய் வந்தேன். சித்தப்பா எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிப் போய்த் திரும்பாதவர். அவர் ஓட்டிய அதே கான்பெரா ரகம் அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறதாம். கேள்விப்பட்டதிலிருந்து சித்தி என்னை விடவில்லை. கடைசி நேரத்தில் சித்தப்பாவுக்கு என்ன ஆனது என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. "வெளியேற நேரம் இருக்கவில்லை" என்பதற்கு மேல் எங்களிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை.

கிருஷ்ணகிரியில் காலை ஏழு மணி பஸ். ஓசூர் வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர். மடிவாளாவில் இறங்கி, விமான நிலையச் சாலைக்கு ஆட்டோ. "மீட்டர் மேல இருபது ரூபா குடுங்க சார், அங்கருந்து காலியாத்தான் திரும்பணும்" என்றார் ஓட்டுநர். பெங்களூரில் எந்தப் பக்கம் போனாலும் ஆட்டோ காலியாகத்தான் திரும்பும்போல. கொடுத்துத் தொலைத்தேன்.

வாசலில் தேவராஜ் சார் காத்திருந்தார். சித்தப்பாவின் விமானத்தில் வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டராகப் பறந்து, பாராசூட்டில் குதித்துப் பிழைத்தவர். வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். "வாங்க பாபி" என்றார். விமானப்படையில் நண்பனின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சித்தி விமானத்தின் வயிற்றில் கை வைத்தபடி நின்றார். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். "நீங்க எப்படி சார் வெளிய வந்தீங்க?"

"இது வழியாத்தான்." விமானத்தின் மூக்கருகே ஒரு சின்னக் கதவைக் காட்டினார். "இதுல பைலட்டுக்கு மட்டும்தான்ப்பா எஜெக்‌ஷன் சீட். இழுத்தா ஆளை மேல தூக்கி எறிஞ்சிடும். நேவிகேட்டருக்கு அது கிடையாது, தவழ்ந்து வந்து குதிக்கணும். அன்னைக்கு ஒரு எஞ்சின் எரியுது. அவன் கைய எடுத்தா பிளேன் புரண்டுடும். 'போ, போ'ன்னு கத்திக்கிட்டே நேரா புடிச்சிருந்தான். நான் குதிச்சப்புறம் சீட்டை இழுக்க அவனுக்கு உயரம் பத்தல."

சித்தி திரும்பினார். "அப்ப அவருக்கு சீட் இருந்துச்சா?"

தேவராஜ் சார் முகம் வெளுத்துவிட்டது. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் பாபி. ஸ்குவாட்ரன்ல எல்லாருக்கும் தெரியும்."

அவர்களுக்கு அது பாலபாடம். அதனாலேயே வீடு தேடி வந்து சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"எங்க பொண்ணுக்கு அப்ப மூணு மாசம். அது ஞாபகம் வரலையா அவருக்கு?"

தேவராஜ் சார் அழுதார். எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தை எதிரில் நிற்கிற மனுஷன்மேல் காட்டவும் முடியவில்லை. அவர் வீட்டில் சாப்பாடு தயாராக இருந்தது. ஊருக்குப் போய்விடலாம் என்றார் சித்தி.

போகிறவர்களுக்கு: விமானங்கள் வெட்டவெளியில் நிற்கின்றன, வெயிலுக்கு முன் பார்த்துவிடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்ப மடிவாளாவில் ஓசூர் பஸ் சுலபமாகக் கிடைக்கும். போரில் போனவர் வீட்டு ஆளை அழைத்துப் போவதென்றால், அவர் இத்தனை காலம் எதை நம்பிக்கொண்டிருந்தார் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓசூர் தாண்டியதும் சித்தி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "வர முடியாமப் போயிட்டாருன்னு இத்தன வருஷம் அழுதேன்டா. வராம இருந்துட்டாருன்னு இப்பதான் தெரியுது."