எருமை இருந்த வீட்டில் பால் இல்லை

கறந்த பாலின் வெதுவெதுப்பான வாசனையை நினைத்தால், கூடவே இரும்பு உருக்கும் புகையின் காரலும் என் மூக்கில் ஏறிவிடும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் மதிலை ஒட்டிய தெருவில் வளர்ந்த எனக்கு அந்த இரண்டும் ஒரே வாசனைதான். இரண்டாயிரத்து மூன்றோ நாலோ இருக்கும், நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஒரு எருமை இருந்தது, இரண்டு வேளையும் கறந்தது, ஆனால் நாங்கள் குடித்ததோ பால் விடாத "கடுங்காப்பி". இதை இன்றைக்குச் சொன்னாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் ஒரு கம்பி ஆலையில் காண்ட்ராக்ட் ஆள். வேலை உள்ள வாரம் உண்டு. இல்லாத வாரம் கேட்டிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பால் முழுக்கத் தெருமுனையில் டீக்கடை வைத்திருந்த கரீம் பாய்க்குப் போனது. பால் போனால்தான் அரிசி வரும்.

தம்பி சாமுவுக்கு அப்போது மூன்று வயது; கால்கள் குச்சியாய், வயிறு மட்டும் முன்னால் தள்ளி, பத்தடி நடந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவான். சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் நர்சம்மா ஒவ்வொரு முறையும் "பால் குடும்மா, முட்டை குடும்மா" என்பார். ஒரு நாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஊட்ல எருமையே கீது சிஸ்டர்."

"அப்புறம் ஏம்மா குடுக்கல?"

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வீடு வரும் வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் நைனா சட்டையைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"காலைல கறக்குற பாலு ஊட்ல இருக்கட்டும்யா. சாயந்திரத்து பாலு பாய்க்குப் போவட்டும்."

"பாதிப் பாலு குடுத்தா பாதி அரிசிதான் வரும். வெறும் பாலக் குடிச்சிக்கினு நாலு பேரும் ஒக்காந்துனு இருக்கலாமா? இன்னா பேசுற நீ?"

இருவர் சொன்னதும் சரி, அதுதான் பெரிய "பேஜாரு". அம்மா யாருக்கும் தெரியாமல் சாமுவுக்கு ஒரு டம்ளர் பாலை எடுத்துவைத்துவிட்டு, அந்த அளவுக்குத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். நாலாம் நாளே பாய், "தங்கச்சி, எருமை ரொம்ப தண்ணி குடிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா முகம் சிவந்து போய் அதையும் நிறுத்திவிட்டாள்.

அந்த வருடம்தான் ஏரிக்கரைப் புல்வெளியை ஏதோ ஒரு கம்பெனிக்காக வேலி போட்டு அடைத்தார்கள். மேய இடமில்லாமல் எருமை கம்பெனிகளின் கழிவுநீர் ஓடும் "கருப்புக் கால்வாய்" ஓரமாகப் புல் தேடிப் போய், ஒரு மத்தியானம் சறுக்கி உள்ளே விழுந்துவிட்டது. நாலு பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். மறுநாள் அதற்குக் காய்ச்சல். தவிட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, "மருந்து பால்ல இறங்கும். ஒரு வாரத்துக்கு யாருக்கும் குடுக்காதீங்க, கறந்து கீழ ஊத்திடுங்க" என்றார்.

ஏழு நாளும் அம்மா வேளை தவறாமல் கறந்து, பாலைச் சாக்கடையில் ஊற்றினாள். சாமு தன் டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பான். "இது வேணான்டா, மருந்து" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நான் எருமையைத் திட்டினேன்.

எட்டாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, இனி பயமில்லை என்றார். ஆனால் பாய் வீட்டுக்கே வந்துவிட்டார். "நான் நம்புறேன் தங்கச்சி. கடைக்கு வர்றவன் நம்ப மாட்டேன்றான். கால்வாய்ல வுழுந்த எருமைன்னு சொல்றான். கொஞ்ச நாள் போவட்டும்."

நைனா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா பாலைக் காய்ச்சி, ஆற்றி, சாமுவின் கையில் கொடுத்தாள்.

"புள்ளைக்குக் குடுக்கலாமா?" என்றார் நைனா.

"டாக்டர் சொல்ட்டாரு. நானும் ஒரு வாய் குடிச்சிப் பாத்துட்டேன்."

அடுத்த இரண்டு மாதமும் ரேஷன் அரிசிக் கஞ்சியும் மோரும்தான். அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனாள். சாணி அள்ளும் வேலையும் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில் விழுந்தன. இரண்டாவது வேலை நாளுக்கு நாள் கஷ்டமானது, ஏனென்றால் சாமு ஓடத் தொடங்கிவிட்டான். பிடித்து உட்காரவைத்தால் எழுந்து மறுபடியும் ஓடினான். எடை பார்த்த நர்சம்மா முள்ளை இரண்டு தடவை குனிந்து பார்த்தார்.

ஊர் மறந்ததும் பாய் மறுபடியும் பால் கேட்டு வந்தார். நைனா பால் தூக்கை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் அம்மா, "சாயந்திரத்து பாலு எடுத்துக்குங்க பாய். காலைப் பாலு எம் புள்ளைங்களுக்கு" என்றாள். நைனா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "நாயம்தான் தங்கச்சி" என்றார் பாய். அம்மா கேன்டீன் வேலையை விடவில்லை. குறைந்த அரிசியை அவள்தான் ஈடுகட்டினாள்.

ஏரிக்கரையில் இப்போது கிடங்குகள் நிற்கின்றன. புல் கிடைக்காமல் நாங்கள் எருமையை விற்றோம்; எங்களைப் போலவே ஒவ்வொரு வீடாகக் கொட்டகை காலியானது. தெருவில் தேடினாலும் ஒரு சாணித் தடம் கிடையாது. சாமு அதே தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். தினமும் பாக்கெட் பால் வாங்கிவருபவனும் அவன்தான், அம்மா காய்ச்சிக் கொடுத்தால் "கவிச்சி அடிக்குதும்மா" என்று தள்ளிவைப்பவனும் அவன்தான். கேட்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.  அம்மா அந்த டம்ளரை எடுத்துத் தானே குடித்துவிடுகிறாள். அவள் ஒரு முழு டம்ளர் பால் குடித்து நான் பார்ப்பது, அவளுடைய இந்த வயதில்தான்.