காப்புக் கட்டிய வாரத்தில் ஈசல்

நேர்த்தி வைத்தது நான். காப்புக் கட்டிக்கொண்டது என் கணவர். எங்கள் வீட்டில் பல காரியங்கள் இப்படித்தான் நடக்கும். அவருக்குக் கட்டாரில் வேலை சரிவந்தால் அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பார் என்று, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் அம்மனிடம் சொல்லிவிட்டேன். அம்மன் ஏஜென்சிக்காரனைவிட வேகமாக வேலை பார்த்தாள். விசா வந்தது, டிக்கெட் வந்தது. திருவிழா முடிந்த கையோடு பயணம். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

நாங்கள் இருப்பது யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில். பால் வெட்டப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை. அவருக்குக் கித்துல்கலயில், சுற்றுலாவுக்கு வருகிறவர்களைக் காற்றடித்த படகில் ஏற்றிப் பாறைகளுக்கு நடுவே கொண்டுபோய்க் கரை சேர்க்கும் வேலை. அந்த ஆறு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கட்டாரில் கிடைத்ததோ, ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தின் ஓரமாகக் கதிரை போட்டு உட்கார்ந்து, யாரும் மூழ்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. ஓடாத தண்ணீரைப் பார்ப்பதற்குச் சம்பளமா என்று ஒரு வாரம் சிரித்தார். மகள் கேகாலையில் விடுதியில் தங்கி உயர்தர வகுப்புப் படிக்கிறாள். அதனால் சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார். இதை எழுதும்போது அவர் அந்தக் கதிரையில்தான் இருக்கிறார்.

போவதற்கு முன்னால் அவருக்கு இருந்த ஒரே குறை மீன்.

மீன் பிடிக்கத் தெரியாதவர் அல்ல. மண்புழு கோத்த தூண்டிலில் எங்கள் தோட்டத்து ஆண்கள் எல்லாரும் பிடிப்பதை அவரும் பிடிப்பார். இது வேறு கதை. படகில் போக வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் தூண்டிலை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வளைந்து கொடுக்கும் நீளமான கம்பு, அதில் தடித்த மஞ்சள் கயிறு, கயிற்று நுனியில் கண்ணுக்குத் தெரியாத தங்கூசி நரம்பு, அதன் முனையில் இறகாலும் நூலாலும் கட்டிய ஒரு பொய்ப்பூச்சி. அவருடைய நாட்டில் சில மாலைகளில் ஆற்றுக்குள்ளிருந்தே ஒரு வகைப் பூச்சி கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வருமாம். அந்த நேரம் டிரவுட் மீன்கள் தலைகால் தெரியாமல் மேலே வந்து தின்னுமாம். அதே பூச்சியைப் போல ஒன்றைக் கட்டித் தண்ணீர்மேல் போட்டால் அதையும் கவ்வுமாம். எங்கள் பக்கம் டிரவுட் கிடையாது. நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளோடு அது நின்றுவிடும். டிரவுட் இல்லாவிட்டால் என்ன, நம்மிடம் லேயா மீன் இருக்கிறது, பூச்சிக்கு ஈசல் இருக்கிறது என்று இவர் கணக்குப் போட்டார்.

கணக்கு சரிதான். தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓயா என்ற சிற்றாற்றில் லேயா நிற்கும். பெரிய செதிலும் தடித்த உதடுமாக, வெயில் பட்டால் பொன் நிறத்தில் தெரியும். மற்ற நாட்களில் அடியிலேயே மேய்ந்துகொண்டிருக்கும், தலையைத் தூக்காது. வெயில் காலத்துக்குப் பிறகு முதல் மழை விழும் மாலைகளில், கரையோரப் புற்றுகளிலிருந்து ஈசல் கிளம்பி ஓயாவில் விழும்போது மட்டும் மேலே வரும். வருஷத்துக்கு இரண்டு மாலை, மிஞ்சினால் மூன்று.

அந்த இரண்டு மாலைகளுக்காக வருஷம் முழுக்கப் பயிற்சி நடந்தது. நாங்கள் குடியிருக்கும் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் உள்ள தரையில் நின்று, போனில் யூடியூப்பைப் பார்த்து, கயிற்றை முன்னும் பின்னும் வீசுவார். கொக்கி பக்கத்து வீட்டு உள்பாவாடையைக் கொண்டுவந்தது. மடுவத்துக் கொடியிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்தது. ஒருமுறை என் கொண்டையில் மாட்டியது. அன்றைக்கு அவருக்குச் சோறு இருந்தது, கறி இல்லை. பொய்ப்பூச்சி கட்டுவதற்காக என் செவலைச் சேவல் வாலை இழந்து, பார்க்கப் பாவமாக நடமாடியது. இவ்வளவுக்கும் பிறகு முதல் வருஷம் இவருடைய ஈசல் மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் வருஷம் நிஜமாகவே ஒரு லேயா கவ்வியது. இவர் இழுக்க வேண்டிய நேரத்தில் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார், அது துப்பிவிட்டுப் போய்விட்டது. அக்கரையில் உள்ள சிங்களக் கிராமத்தில் இவருக்கு "மேரு மஹத்தயா" என்று பேர் விழுந்தது. மேரு என்றால் ஈசல், மஹத்தயா என்றால் ஐயா. கடைத்தெருவில் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவரும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

பயணம் முடிவானதும் ஆடிப்போனவள் நான்தான். எங்கள் லயத்திலிருந்து இரண்டு வருஷம் என்று போனவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் நாலாக்கினார், ஒருவர் ஆறாக்கினார், இன்னொருவர் போனுக்குள் மட்டுமே குடியிருக்கிறார். இவரும் அப்படி ஆகிவிடுவாரோ என்று பயந்தேன். அதை வெளியே காட்டாமல் பெட்டி வாங்கினேன், மிளகாய்த்தூள் இடித்துக் கட்டினேன், எல்லாரிடமும் அதிகமாகவே கோபப்பட்டேன். இவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஒரே ஒரு லேயா புடிச்சிட்டேன்னா நிம்மதியா போயிருவேன் புள்ள."

மாசி முழுக்க மழை இல்லை. பங்குனியும் காய்ந்தது. காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பார், பிறகு வாலில்லாத சேவலைப் பார்ப்பார். அதற்குள் காப்புக் கட்டும் நாளும் வந்துவிட்டது.

காப்பு என்பது பூசாரி மணிக்கட்டில் கட்டிவிடும் மஞ்சள் கயிறு. கட்டியவர் அதை அவிழ்க்கும்வரை மீன், இறைச்சி எதையும் தொடக்கூடாது, ஓர் உயிரையும் கொல்லக்கூடாது. கட்டாதவர்களும் அந்த நாட்களில் தோட்டத்துக்குள் கவிச்சி சமைக்க மாட்டார்கள். நானும் கருவாட்டு டப்பாவைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் பிற்பகல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடித்தது. பிறகு, இத்தனை நாள் எங்கே வைத்திருந்ததோ, அத்தனையையும் கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் ரப்பர் மரங்களுக்கு நடுவே வெயில் சாய்வாக அடித்தது. மடுவத்தைப் பூட்டிவிட்டு வருகிறேன், லயத்துப் பிள்ளைகள் எல்லாம் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஈசல் கிளம்பிவிட்டது. புற்றுக்குப் புற்று புகைந்துகொண்டு வருகிறது. தாய்மார் பின்னாலேயே ஓடிச் சட்டிகளைப் பிடுங்கினார்கள். வறுத்த ஈசலும் கவிச்சிதான் என்று ஒரு கட்சி. மண்ணையும் மரத்தையும் தின்கிற பூச்சி எப்படிக் கவிச்சியாகும் என்று இன்னொரு கட்சி. அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் அவர் நின்றார். மஞ்சள் வேட்டி, வெறும் மேல், மணிக்கட்டில் காப்பு. கீழே ஓயாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்து மனசை ஆற்றியிருப்பேன். அப்படிப் பேசாமல் நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் கையில் கிடந்தது நான் கட்டவைத்த கயிறு.

நேரே கோவிலுக்குப் போனேன். எங்கள் பூசாரி மற்ற நாட்களில் தோட்டத்துக் கங்காணி. எதைக் கேட்டாலும் வேலைக்கு ஆள் பிரிக்கிற மாதிரிதான் பதில் சொல்வார். கொல்லப்போவதில்லை, தின்னப்போவதில்லை, பிடித்து ஒரு முறை பார்த்துவிட்டு அப்படியே தண்ணீரில் விட்டுவிடுவதுதான் என்று விளக்கினேன். விடுகிற மீனை எதற்குப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு விளங்கவே இல்லை. யூடியூப்பில் வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். தலையைச் சொறிந்தார். அம்மன் பக்கம் திரும்பிப் பார்த்தார். கடைசியில் ஆளைப் பிரித்துவிட்டார்.

"அவரு தூண்டிலயும் தொடக்கூடாது, மீனயும் தொடக்கூடாது. நீங்க காப்புக் கட்டலதானே? நீங்க போங்க. மீனுக்கு ஒரு செதில்கூட போகக்கூடாது."

அம்மன் கோவித்துக்கொள்வாளா என்று கேட்டேன். நேர்த்தி வைக்கும்போது இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும் என்றார். தூண்டிலை எடுக்க வீட்டுக்கு ஓடினேன்.

தூண்டிலை நான் கையில் எடுத்தபோது அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பிவிட்டார். மறந்துபோய்க் கை தூண்டிலுக்கு நீளும் என்ற பயத்தில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். மீன் வாயில் காயம் படாமலிருக்க, கொக்கியில் உள்ள சின்ன முள்ளைக் குறட்டால் நசுக்கச் சொன்னார். நசுக்கினேன். சேற்றில் வழுக்கிக்கொண்டே இறங்கினோம்.

ஓயா இன்னும் தெளிந்த தண்ணீராகவே ஓடியது. மேலே மலையில் பெய்தது இறங்கி வந்தால் கலங்கிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார். ஈசல் ஆயிரக்கணக்கில் தண்ணீரில் விழுந்து சிறகடித்துக்கொண்டு மிதந்தது. அக்கரை ஓரமாக, மரநிழலில், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தண்ணீர் சுழித்தது. ஒவ்வொரு சுழிப்பிலும் ஓர் ஈசல் காணாமல் போனது. இவர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகு பாடம் தொடங்கியது. மணிக்கட்டை மடக்காதே, முழங்கையை ஒட்டி வை, கம்பு கடிகார முள் மாதிரி முன்னால் பத்து மணி, பின்னால் ஒரு மணியில் நிற்க வேண்டும். நான் வீசிய முதல் வீச்சு என் தோளில் விழுந்தது. இரண்டாவது சேம்பு இலையில் விழுந்தது. பத்து மணி, ஒரு மணி என்று அவர் மறுபடியும் ஆரம்பிக்க, எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு வருஷமா பத்து மணி ஒரு மணின்னு எறிஞ்சு நீங்க என்னத்த புடிச்சீங்க?"

நான் மணியை மறந்தேன். மடுவத்தில் ஈரத்துணியைக் கொடியில் போடுவதற்கு முன்னால் ஓர் உதறு உதறுவேனே, அப்படி உதறினேன். மஞ்சள் கயிறு நீண்டு, மறுகரைக்குக் கொஞ்சம் முன்னால் ஓசையில்லாமல் படுத்தது. சேவல் வால் இறகு ஈசல்களுக்கு நடுவே மிதந்து வந்தது. எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீர் சுழித்தது.

கம்பு பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. நான் அம்மனைக் கூப்பிட்டேனா, அவரைக் கூப்பிட்டேனா தெரியாது. இவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓயாவுக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில், பொலிஸ் சுற்றி வளைத்த ஆள் மாதிரி இரண்டு கைகளும் தலைக்கு மேலே. ஓடினால் கயிற்றை விடு, நின்றால் சுற்று, பாறைப் பக்கம் போகவிடாதே என்று அங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை சொன்னதையெல்லாம் அப்படியே கேட்டேன். விட்டேன், சுற்றினேன், மறுபடியும் விட்டேன். கை வலித்தது. கடைசியில் அது களைத்துப்போய்ப் பக்கவாட்டில் சாய்ந்து என் காலடிக்கு வந்தது.

தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமல், குனிந்து இரண்டு கையாலும் ஏந்தினேன். என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம். அடிவயிற்றில் பொன் நிறம். தடித்த உதட்டின் ஓரத்தில் எங்கள் சேவலின் இறகு. இவர் கிட்டே வந்து, கைகளை இறக்காமலே, மூக்கு தண்ணீரில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். இத்தனை நாள் தேடியதன் முகத்தை முதல்முறையாகப் பார்க்கிறார். நான் கொக்கியைத் தொட்டதும் அது கழன்று வந்தது. மீன் கொஞ்ச நேரம் என் கைகளுக்கு நடுவிலேயே நின்று செவுளை அசைத்தது. பிறகு வாலை ஒரு தரம் அடித்துவிட்டு ஆழத்துக்குப் போய்விட்டது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்காகப் பிடித்துக் கொடுத்துவிட்டேன், இனிமேல் மனக்குறை இல்லாமல் விமானம் ஏறலாம்.

"இப்ப நிம்மதியா?" என்று கேட்டேன்.

"இல்ல," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "அது நீ புடிச்சது புள்ள. என்னோடது இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்கு. வந்துதான் புடிக்கணும்."

பெட்டி வாங்கும்போது நான் அழவில்லை. மிளகாய்த்தூள் கட்டும்போது அழவில்லை. டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோதும் அழவில்லை. அங்கே, முழங்கால் தண்ணீரில், முகமெல்லாம் ஈசல் சிறகு ஒட்டிக்கொண்டு நின்று அழுதேன். வந்து பிடிக்க ஒன்று மிச்சமிருக்கிறது என்று அவர் வாயாலேயே சொன்னதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷந்தான்," என்றேன். "ஒரு நாள் கூடக்கூடாது."

வந்துவிடுவேன் என்றார். என் கண்ணைத் துடைக்கக் கையை இறக்கிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். என் கை, முகம், சேலை எல்லாம் மீன் வாடை. காப்போடு அவர் என்னைத் தொடக்கூடாது. எட்டினால் தொடும் தூரத்தில், தூக்கிய கையோடு, நான் அழுது முடிக்கும்வரை அப்படியே நின்றார்.