மாடிப்படிக்கு அடியில் மாமன் மடி

எங்கள் பக்கத்தில் சிக்னல் இல்லையென்றால் யாரும் போனைக் குறை சொல்வதில்லை. மேலே ஏறுவோம். நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலை இலங்கையின் பதுளைப் பக்கம், பசறைக்கு மேலே ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. அங்கே வட்ஸ்அப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் உள்ள மேட்டில் நிற்க வேண்டும். வீடியோ வேண்டுமென்றால் இன்னும் மேலே, தேயிலைக்கு நடுவில் கிடக்கும் பெரிய கல் வரைக்கும் போக வேண்டும். பாடசாலைகள் மூடிக் கிடந்த நோய்க்காலத்தில் அந்தக் கல்லின்மேல் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தேன். ஆகையால் ஏறினால் கிடைக்கும் என்பது எங்களுக்கு அனுபவம். அதில் சந்தேகப்பட எனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

போன வருஷம் ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காக என்னை இரண்டு வாரம் சென்னைக்கு அனுப்பினார்கள். வெளிநாடு என்று பெயர்தான். பேசுவது தமிழ், மணிக்கூட்டைக்கூட மாற்றத் தேவையில்லை. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனபோது ஒன்று கவனித்தேன். எவ்வளவு தூரம் போனாலும் ஊர் தட்டையாகவே இருந்தது. வளைவும் இல்லை, ஏற்றமும் இல்லை. பதுளைக்காரனுக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

சரியாக அந்த இரண்டு வாரத்துக்குள்தான் தங்கச்சி மகளுக்குக் காது குத்த நாள் வைத்தார்கள். பண்டாரவளைப் பக்கத் தோட்டமொன்றில் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். குழந்தைக்குப் பதினோரு மாதம். ஒரு வயதுக்குள் ஒற்றைப்படை மாதத்தில் குத்த வேண்டும், இதை விட்டால் மூன்று வயதாக வேண்டும் என்று தங்கச்சியின் மாமனார் பிடிவாதமாக நின்றுவிட்டார். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். தங்கச்சிக்கு அண்ணன் தம்பி என்று இருப்பது நான் ஒருவன்தான். நானோ கடலுக்கு அந்தப் பக்கம்.

தங்கச்சி அழுது, மாமனாரிடம் ஒரு சலுகை வாங்கியிருந்தாள். நல்ல நேரம் முடிவதற்குள் நான் வீடியோவில் வந்துவிட்டால் எனக்கு முன்னால்தான் குத்துவார்கள். வராவிட்டால் எங்கள் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்திவிடுவார்கள். அந்தத் தம்பிமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனாலும் என் மருமகள் இன்னொருவன் மடியில் உட்காரப்போகிறாள் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன.

என் இலங்கை சிம்மில் நிறையக் காசுக்கு ரீலோட் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினேன். இறங்கியதும் பெருமையாக டேட்டாவைத் திறந்தேன். இரண்டு கடற்கரைப் படம் வீட்டுக்குப் போனது, அத்துடன் சேர்த்து வைத்த ரீலோட்டும் போனது. மறுநாள் உள்ளூர் சிம் வாங்கப் போனேன். கடைக்காரர் என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் பார்த்து, என்னையும் அதேமாதிரி பார்த்து, வெளிநாட்டுக்காரருக்கு உயிர் வரக் கொஞ்சம் நாளாகும் என்றார். சிம்முக்குத்தான் உயிர் என்று புரிந்துகொண்டேன். காது குத்துகிற நாள் விடிந்தபோதும் அதற்கு உயிர் வரவில்லை.

மிச்சமிருந்தது நான் தங்கியிருந்த லாட்ஜின் வைஃபை. கீழே வரவேற்பு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மாலையில் செய்தி அனுப்புவேன், போகும். அறையில் மெதுவாக வரும். வீடியோவுக்கு இது காணாது, உயரம் வேண்டும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. சிக்னல் எங்கே கிடைக்கும் என்று வழி கேட்கிற ஆளா நான்?

வேட்டி சட்டை போட்டு, திருநீறு பூசி, நல்ல நேரம் தொடங்கும்போது மொட்டை மாடிக்கு ஏறினேன். காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு கோடுகூட இல்லை. இன்னும் உயரம் காணாது போல என்று தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறினேன். தொட்டியின் மேல் நின்று நான்கு திசைக்கும் காட்டினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் கல்லில் நின்றால் இந்த உயரத்துக்குப் படமே பார்க்கலாம். இந்த ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்று வாய்விட்டே திட்டினேன்.

எதிர்க் கட்டிடத்துக்காரர்கள் பார்த்துவிட்டு லாட்ஜுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மேனேஜர் மூச்சு வாங்க ஓடிவந்தார். தொட்டியின் மேல் வேட்டியோடு நிற்கிற மனிதனைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது. எந்தப் பிரச்சினையாக இருந்தாலும் பேசித் தீர்க்கலாம், குடும்பத்தை நினைத்துப் பாருங்கள் என்று தாழ்ந்த குரலில் கெஞ்சினார். குடும்பத்தை நினைத்துத்தான் ஏறியிருக்கிறேன் என்றேன். அது அவரை இன்னும் கலவரப்படுத்தியது. விஷயத்தைச் சொன்னபிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், வைஃபை பெட்டி கீழ மாடிப்படிக்கு அடியில இருக்கு. நீங்க மேல ஏற ஏற அது எப்படி சார் வரும்?"

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். அவரிடம் அதைச் சொல்லாமல் இறங்கி ஓடினேன்.

மாடிப்படிக்கு அடியில், விருந்தாளிகள் செருப்புக் கழற்றி வைக்கிற இடத்தில், சுவரோரமாக அந்தப் பெட்டி பச்சை விளக்குகளோடு மின்னிக்கொண்டிருந்தது. தலை இடிக்காமல் குனிந்து போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். போன் உதறிக்கொண்டு விழித்தது. தவறிய அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. உடனே திருப்பி அழைத்தேன்.

மச்சான், அதாவது தங்கச்சியின் கணவர், எடுத்தார். காது குத்து நடந்த அவர்களுடைய தோட்டத்துக் கோயில் மேட்டில் இருப்பதால் அங்கே சிக்னல் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். படம் துல்லியமாக வந்தது. நான் முதலில் பார்த்தது சித்தப்பா மகனின் பட்டு வேட்டியை. அவன் மடியில் என் மருமகள். பக்கத்தில் ஆசாரி கம்பியைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் கத்தினேன். என் பின்னால் மேனேஜரும் கத்தினார், அவருக்கும் அவசரம் தொற்றிவிட்டது. அங்கே எல்லோரும் திரும்பினார்கள். மாமனார் போனுக்குள் எட்டிப் பார்த்து, வந்ததில் சந்தோஷம் என்றார். ஆனால் பிள்ளையைப் பிடிக்க ஒரு மடி வேண்டுமே, போனுக்கு ஏது மடி, தம்பியே பிடிக்கட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள் என்று நியாயமாகத்தான் பேசினார். பார்ப்பதற்கா இத்தனை பாடு என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அப்போது தங்கச்சி வந்தாள். மாமனார் முன்னால் குரலுயர்த்திப் பேசாதவள். குழந்தையை அந்தத் தம்பியிடமிருந்து மெல்ல வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மாவுக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லைங்க மாமா. எனக்குக் காது குத்துறப்போ எங்கண்ணந்தான் மாமனா ஒக்காந்துச்சு. அது மடியில ஒக்காந்த புள்ள நானு. எம்மடியும் அது மடிதாங்க."

எனக்கு அந்த நாள் முழுதாக நினைவில்லை. சின்னப் பையனாக இருந்தேன். பெரியவர்களைப் போல முதுகை நிமிர்த்தி உட்காரச் சொன்னதும், கால் மரத்துப்போனதும், அவள் என் புதுக் காற்சட்டையை நனைத்துவிட்டதும் ஞாபகம் இருக்கிறது. நனைந்ததைச் சொன்னால் மாமன் பதவி போய்விடுமோ என்று கடைசிவரை வாய் திறக்காமல் இருந்தேன். நான் மாமனாக உட்கார்ந்ததை அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவள் அதை இத்தனை காலம் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆசாரிக்குத் தலையசைத்தார். மச்சான் போனைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தார். இங்கே மேனேஜரும், காலை உணவுக்கு இறங்கி வந்த இரண்டு மூன்று பேரும் என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றார்கள். செருப்பு எடுக்க வந்தவர்கள் செருப்பை மறந்துவிட்டார்கள்.

ஒரு காது முடிந்ததும் அவள் வீறிட்டாள். இரண்டாவது காதுக்கு அந்த மாடிப்படியே அதிர்ந்தது. "மாமன் இருக்கேன்டா, மாமன் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை. கண்ணீர் தாடைவரை இறங்கியது, துடைக்கவும் தோன்றவில்லை.

என் குரல் எட்டியிருக்க வேண்டும். அழுகைக்கு நடுவில் அவள் திரையைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனதும் பார்ப்பாளே, அதே பார்வை. உதடு பிதுங்க, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினாள்.

நானும் இரண்டு கைகளையும் நீட்டினேன். போன் செருப்புகளுக்கு நடுவில் போய் விழுந்தது. அங்கேயிருந்து தங்கச்சி சிரிப்பது கேட்டது. நான் கைகளை மடக்கவில்லை.