வரமாட்டார்கள் என்று நம்பி விற்ற டிக்கட்டுகள்

எங்கள் சேவைக் கழகத்தின் நிகழ்ச்சி நிரலில் ஆறாவது விடயம் நட்புறவு. ஏழே கால் தொடக்கம் ஏழரை வரை. அதற்கு முன்னர் உறுப்பினர்கள் தங்களுக்குள் சிரித்துப் பேசினால் ஐந்து ரூபா தண்டம். ஏழரைக்குப் பிறகு பேசினாலும் ஐந்து ரூபா. இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல முடியாது. நேர அட்டவணையைத் தயாரித்தவன் நான்தான்.

பதுளையின் அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த மாதமே என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்து ஆள், கூட்ட அறிக்கையை ஒழுங்காக எழுதுவார் என்பது காரணம். தலைவர் பெரிய மரக்காலை முதலாளி. பொருளாளர் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி. ஊர் முழுவதும் அவரை நானா என்றுதான் அழைக்கும். மற்றவர்கள் வக்கீல்கள், வங்கி முகாமையாளர்கள், அச்சகக்காரர், இரண்டு பல் வைத்தியர்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரையில் தோட்டத்திலிருந்து ஓர் உறுப்பினரும் இருந்ததில்லை. விதி எதுவும் தடுக்கவில்லை. யாரும் முன்மொழியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வந்தவர் லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் டிஸ்பென்சர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பதும், காயத்துக்குத் தையல் போடுவதும், மருத்துவிச்சியோடு சேர்ந்து பிரசவம் பார்ப்பதும் அவர்தான். நாற்பது வயதிருக்கும். ஒரே ஒரு கோட்டு வைத்திருந்தார். வந்த இரண்டாம் கூட்டத்திலேயே எழுந்து நின்று தன் திட்டத்தைச் சொன்னார்.

"நம்ம பிரசவ ரூம்ல தண்ணி இல்லீங்க. பீலி மேல அரை மைல்ல இருக்கு. வலி வந்த பொம்பளையோட புருசன் ரெண்டு கொடத்தோட வரணும். கொடம் இல்லாம வந்தா திருப்பி அனுப்பிர்றேன். புருசனத்தான்."

யாரோ சிரித்தார்கள். மணி ஏழு ஐந்து. தண்டம் அறவிடப்பட்டது.

மலையில் விழுகிற பீலித் தண்ணீரைக் குழாய் போட்டு அந்த அறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவருடைய கோரிக்கை. தோட்டத்துத் துரை அனுமதி கொடுத்திருந்தார், குழாய் கொடுக்கவில்லை. கழகம் திட்டத்தைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. அந்தச் சொல்லை நான் கச்சேரியில் நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு விடயத்தைச் செய்வதில்லை என்று முடிவெடுப்பதற்கு முந்திய நிலை அது.

எங்கள் கழகத்தின் வரலாறு அப்படி. ஒரு வருடம் பாடசாலை நூலகத்துக்குப் பணம் சேர்த்தோம். பஸ் தரிப்பிடம் கட்டினோம். அடுத்த வருடம் முதியோருக்கு மூக்குக்கண்ணாடி. இன்னொரு பஸ் தரிப்பிடம். பஸ் தரிப்பிடத்தில் உள்ள நன்மை என்னவென்றால், வீதியால் போகிற எல்லோருக்கும் அது தெரியும். நெற்றியில் தலைவரின் பெயரைப் பொறிக்கலாம். பிரசவ அறைக்குள் இருக்கும் குழாயைப் பிரசவிக்க வந்த பெண்ணைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. அவளும் பெயர்ப்பலகை வாசிக்கிற நிலையில் இருப்பதில்லை.

பணம் சேர்க்கும் வழி ஒன்றுதான். வருடத்துக்கொரு முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நகரத்துத் தியேட்டரை வாடகைக்கு எடுத்து உதவிக் காட்சி நடத்துவோம். பல்கனி, முதலாம் வகுப்பு, கலரி என்று மூன்று வகை டிக்கட். தியேட்டரில் நானூறு சொச்சம் ஆசனங்கள். நாங்கள் அச்சடிப்பது அறுநூறு டிக்கட். இதில் மோசடி எதுவும் இல்லை. டிக்கட் வாங்குகிறவர்கள் வருவதில்லை என்பது பதுளையில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. நாங்கள் நாலைந்து பேர் கழுத்துப்பட்டியோடு கடைக்குள் நுழைந்தால் முதலாளி பின்னறைக்குப் போவார். நானாவுக்கு எல்லாக் கடைகளின் பின்னறையும் தெரியும். கடைசியில் முதலாளி இரண்டு பல்கனி டிக்கட் வாங்கி மேசை லாச்சிக்குள் போடுவார். அடுத்த வருடம் லாச்சியைத் திறக்கும்போது பழைய டிக்கட் மேலே கிடக்கும்.

அந்த வருடம் டிக்கட் புத்தகங்களைப் பங்கிட்டபோது வழமைபோல எல்லோரும் தங்கள் தங்கள் கஷ்டங்களைச் சொன்னார்கள். டிஸ்பென்சர் மட்டும் கையை நீட்டினார்.

"கலரி டிக்கட் எத்தன இருந்தாலும் குடுங்க நானா."

"எத்தன வேணும்?"

"இருநூறு?"

நானா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவர் மனம் மாறுவதற்கு முன் புத்தகங்களை எடுத்துக் கொடுத்துவிட்டார். வாங்கியவர்கள் வரத்தேவையில்லை என்பதை ஒருவரும் டிஸ்பென்சருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விடயம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் எப்படி விற்றார் என்பது பின்னால்தான் தெரியவந்தது. லயம் லயமாக, வீடு வீடாகப் போயிருக்கிறார். ஒரு டிக்கட் நாலடிக் குழாய் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். குழாயை வாங்கினால் படம் இனாம். சிலர் எட்டடி வாங்கினார்கள். ஒரு கங்காணி இருபதடி.

காட்சிக்கு முந்திய வாரம் தலைவர் என்னை மரக்காலைக்கு அழைத்தார். தேநீர் வந்தது. "பிரசவ ரூம அடுத்த வருசம் பாத்துக்குவோம். இந்த வருசம் ஹாலிஎலப் பக்கம் நல்ல எடம் ஒண்ணு வந்திருக்கு" என்றார். பஸ் தரிப்பிடத்துக்கு மரம் அவருடைய மரக்காலையிலிருந்தே அடக்க விலைக்கு வரும். தீர்மானத்தை எழுதி வைக்கும்படி கேட்டார். எழுதினேன். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று தொடங்கும் தீர்மானம். நன்றாகவே வந்திருந்தது. டிஸ்பென்சரிடம் நான் சொல்லவில்லை. செயற்குழுவில் வைக்கப்படாத ஆவணத்தைப் பற்றிப் பேசுவது நடைமுறை அல்ல என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கவில்லை என்று எழுதினால் பொய். தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு முதல் லொறி வந்தது. கொழுந்து ஏற்றுகிற லொறி. அதிலிருந்து இறங்கியவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தார்கள். பெண்களில் பலர் கல்யாணச் சேலை உடுத்தியிருந்தார்கள். நூறு பேருக்கு மேல். கையில் டிக்கட். கலரியில் பாதி அவர்களாலேயே நிரம்பிற்று; மீதியை நகரத்துப் பையன்கள் நிரப்பினார்கள். நானா வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"சேர், எல்லாரும் வந்தீக்காங்க."

"ஓம், காணுறன்."

"இன்னொரு லொறியும் வருதாம். பசறையில டயர் போயிட்டாம்."

இரண்டாவது லொறி பத்து மணிக்கு வந்தது. அறுபது பேரளவில், அநேகமாகப் பெண்கள். படம் தொடங்கப் பத்து நிமிடம். கலரியில் நிற்கவும் இடமில்லை. முதலாம் வகுப்பை உறுப்பினர்களும் டிக்கட் வாங்கியவர்களும் அனுப்பிவிட்ட வீட்டு வேலையாட்கள் பிடித்திருந்தார்கள். இரண்டரைக்குத் தியேட்டரின் வழமையான காட்சி. ஆகவே எங்கள் படத்தை இன்னொரு தடவை ஓட்டவும் முடியாது. தலைவர் நிலைமையை உடனே விளங்கிக்கொண்டார்.

"ஆளுக்கு ஒரு பணிசும் தேத்தண்ணியும் குடுத்து அனுப்பிருவோம். லொறிக் கூலி நான் தாறன்."

டிஸ்பென்சர் அந்த ஒரே கோட்டுடன் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, நான் வீடு வீடா ஏறிக் குடுத்த டிக்கட்டுங்க. பணிசு குடுத்து அனுப்பினா நாளைக்கு நான் குடுக்கிற மருந்தையும் குடிக்க மாட்டாங்க."

"அதுக்கு நான் என்னப்பா செய்றது? சீட்டு இல்லையே."

ஆசனம் இருந்தது. பல்கனியில் அறுபத்து நாலு. கடைசி ஆசனம் வரை விற்றுப்போன பல்கனி. ஒவ்வொரு ஆசனத்திலும் வாங்கியவரின் பெயர் எழுதிய சீட்டை முதல் நாள் நானே ஊசி குத்தி வைத்திருந்தேன். அங்கே அப்போது பிரதம விருந்தினரும் அவர் மனைவியும் மட்டும் இருந்தார்கள்.

ஆசன ஒதுக்கீடு செயலாளரின் பொறுப்பு என்று கழக விதியில் இருக்கிறது. நான் மேலே போய்ச் சீட்டுகளைக் கழற்றினேன். அகர வரிசையில் அடுக்கிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். யாராவது கேட்டால் காட்டலாம். பிரதம விருந்தினரின் மனைவி, "இன்னும் ஆக்கள் வருகினமோ?" என்று கேட்டார். "ஓம். கொஞ்சம் சனமா இருக்கும்" என்றேன். அவர் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

இதற்குள் படியில் இன்னொன்று நடந்தது. பல்கனிப் படியின் உச்சியில் தலைவர் நின்று விருந்தினர்களைக் கும்பிட்டு வரவேற்பது எங்கள் வழக்கம். அன்றும் நெஞ்சில் ரிப்பன் பூக் குத்திக்கொண்டு அங்கே போயிருந்தார். நான் கீழே தகவல் அனுப்பியதும் நானா கதவைத் திறந்துவிட்டார். அறுபது பேரும் ஒற்றை வரிசையாகப் படியேறினார்கள். பெரட்டுக்களத்தில் காலையில் பேர் கொடுக்க நிற்கிற பழக்கத்தில் வரிசை குலையவில்லை. தலைவர் பூவோடு அங்கே நின்றார். நகர வழியில்லை. பழக்கத்தில் கையைக் கூப்பினார்.

முன்னால் வந்தவள் ஐம்பது வயதுக் கொழுந்து பறிக்கிற பெண். அவளும் கும்பிட்டாள். பிறகு நின்றாள்.

"ஐயாதான் தலைவருங்களா?"

"ஆமா."

"நம்ம கொழா எப்பங்க வருது?"

"கொழாயா?"

"டிக்கட் கொழாங்க. நான் எட்டடி. இவ நாலடி. எம் மகளுக்கு இது ஏழாம் மாசம்."

தலைவர் படியின் கீழே பார்த்தார். வரிசை வாசலைத் தாண்டி வீதி வரை நின்றது. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வரும், வரும்."

"எப்பங்க?"

"மழைக்கு முன்னால வந்துரும்."

அவள் தலையாட்டினாள். பின்னால் திரும்பி, "மழைக்கு முன்னாலயாம்" என்றாள். அடுத்தவள் தனக்குப் பின்னால் நின்றவளிடம் சொன்னாள். அந்தச் செய்தி படிப்படியாக இறங்கி, வாசலைக் கடந்து, லொறிச் சாரதி வரை போயிற்று. நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்துத் தலைவர் சொன்னதையும் நேரத்தையும் எழுதினேன். பத்து எட்டு.

படம் நன்றாக ஓடிற்று. பல்கனியில் யாரும் தூங்காமல் ஒரு படம் முழுவதையும் பார்த்தது அதுதான் முதல் தடவை. பல்கனி டிக்கட் வாங்கியவர்களில் ஒரு வக்கீல் மட்டும் இடைவேளைக்கு வந்தார், தேநீருக்கு. தன் ஆசனத்தில் ஒரு பெண் இருப்பதைப் பற்றி எனக்கு எழுத்தில் முறைப்பாடு செய்தார். கிடைக்கப் பெற்றோம் என்று பதில் அனுப்பினேன்.

அடுத்த செயற்குழுவில் தலைவர் என் தீர்மானத்தை மேசையில் வைத்தார். தவிர்க்க முடியாத காரணங்களால், ஹாலிஎல, பஸ் தரிப்பிடம். டிஸ்பென்சர் அதை இரண்டு முறை வாசித்தார். வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்து, ஓரத்தை மேசை ஓரத்தோடு நேராக்கினார். இதை எழுதியது யார் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் என் கையெழுத்தை முன்பே பார்த்திருக்கிறார்.

நான் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினேன். தலைவர் கழகத்தின் சார்பில் பொதுமக்களுக்குக் கொடுத்த உறுதிமொழி ஒன்று என் பதிவில் இருக்கிறது, அதை முதலில் இரத்துச் செய்யாமல் இந்தத் தீர்மானத்தை எடுக்க முடியாது, இரத்துச் செய்வதென்றால் உறுதிமொழி பெற்றவர்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நான் சொன்னால் இருக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு உண்டு. கச்சேரியிலும் கழகத்திலுமாக இருபது வருடம் சம்பாதித்த நம்பிக்கை. அதை அந்த ஒரு தடவைதான் செலவழித்தேன்.

"அறிவிக்கிறதுன்னா?" என்றார் தலைவர்.

"அறுபது பேருக்கும் கடிதம். இல்லையெண்டால் நீங்கள் நேரில போய்ச் சொல்லலாம்."

நானா மெல்லச் சொன்னார்: "நேர்ல போறதா இருந்தா நான் வர மாட்டேன் தலைவர். கொழா கேட்ட அந்தப் பொம்பள நம்ம கடையிலதான் சீலை வாங்குறா."

தலைவர் ரிப்பன் பூ இல்லாத தன் நெஞ்சைப் பார்த்தார். தீர்மானம் மீளப்பெறப்பட்டது.

குழாய் புதைக்கக் கான் வெட்டியது தோட்டத்து ஆண்கள், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். குழாய் வாங்கியது கழகம். ஐப்பசி மழை தொடங்கு முன்னரே திறப்பு விழா வைத்தோம். பிரசவ அறை வாசலில் சிவப்பு ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல், மணிக்கணக்கில் கூலி பேசிய படப்பிடிப்பாளர். பதினொரு மணிக்கு நிகழ்ச்சி. பத்தே முக்காலுக்கு ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். அவளுக்குப் பின்னால் புருசன், வெறுங்கையோடு. மருத்துவிச்சி ரிப்பனை ஒரு முனையில் அவிழ்த்துத் தன் வழிக்கு இடைஞ்சல் இல்லாமல் ஆணியில் சுற்றினாள். கதவு மூடியது.

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"தண்ணிய இப்ப மூடி வைக்க ஏலாதா?" என்று தலைவர் டிஸ்பென்சரிடம் கேட்டார்.

"இப்ப மூட முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு அவரும் உள்ளே போனார்.

நாங்கள் விறாந்தையில் வாங்கில் இருந்தோம். பன்னிரண்டரைக்குக் குழந்தை அழுதது. ஒரு மணிக்குப் படப்பிடிப்பாளர் போய்விட்டார். தலைவர் கத்தரிக்கோலைத் தட்டோடு நானாவிடம் கொடுத்தார். தாயும் பிள்ளையும் இருக்கிற அறைக்குள் ஊர்வலம் போவது சரியில்லை என்று அவரே சொன்னார். அவர் சொன்னவற்றில் நான் முழுமனதோடு பதிவு செய்த வாசகம் அது.

மாவட்டத் தலைமையகத்துக்கு அனுப்பும் படிவத்தில், திறப்பு விழாத் திகதியில் பயனடைந்தோர் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கிறது. மற்றக் கழகங்கள் அதில் இரண்டாயிரம், ஐயாயிரம் என்று நிரப்பும். நான் இரண்டு என்று நிரப்பினேன். மூன்று கிழமைக்குப் பிறகு படிவம் திரும்பி வந்தது. பூச்சியங்கள் விடுபட்டுள்ளனவா என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்கள்.

இல்லை என்று எழுதி, கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.