எங்கள் ஃப்ளாட்டில் திரிந்த பால்

மழை நின்ற மறுநாளும் புறநகர் நூம்பலில் எங்கள் தெருவில் தண்ணீர் வடியவில்லை. பால் வண்டி வேலப்பஞ்சாவடி முனையோடு திரும்பிப் போய்விட்டது. கணவர் அலுவலக வேலையாகப் போன இடத்தில், ரயில் ஓடாமல் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் நானும் நான்கு வயது மகளும்தான். அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி முனையிலிருக்கும் மளிகைக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் எங்கள் கோவில்பட்டிப் பக்கத்து ஆள். மற்ற நாட்களில் ஊர் மழையைப் பற்றியெல்லாம் விசாரிப்பார். அன்றைக்கு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாலுக்கு இரண்டு மடங்கு விலை சொன்னார். அழுகத் தொடங்கியிருந்த தக்காளிக்கும் அப்படித்தான்.

"பாக்கெட்டுலயே விலை போட்டிருக்கே, அண்ணாச்சி?"

"அத மழைகிட்டப் போய்க் கேளுங்க. நம்ம ஊர்ப் பிள்ளைன்னுதான் உங்களுக்காவது தாரேன். மத்தவங்களுக்கு இல்லன்னுட்டேன்."

உபகாரம் செய்கிற முகத்தோடு சொன்னார். அந்த முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. கேட்ட பணத்தைக் கொடுத்து இரண்டு பாக்கெட் வாங்கினேன்.

நான் நகர்வதற்குள் இட்லிக்கார அக்கா வந்தார். எங்கள் ஃப்ளாட் வாசலுக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவர். சேலை இடுப்புவரை நனைந்திருந்தது.

"இன்னா அண்ணாச்சி, பாலு கீதா?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

என் கையில் இருந்ததை அக்கா பார்த்தார். எனக்குத்தான் உடம்பு கூசியது. வெளியே வந்ததும் ஒரு பாக்கெட்டை அவர் கையில் வைத்தேன்.

"ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துட்ச்சி கண்ணு. தெருவே மாதா கோயில் ஹால்லதான் கீது. நாங்க கஞ்சியக் குட்ச்சிட்டு கெடப்போம். சின்னப் புள்ளைங்க நெறைய கீதுங்க, அதுங்க இன்னா பண்ணும்? இந்த ஒரு பாக்கெட்டு எத்தினி பேருக்கு ஆவும் சொல்லு."

பார்க்கலாம் அக்கா என்று முனகிவிட்டு வந்தேன்.

ஃப்ளாட்டுக்குள் நுழைந்தால், கார் நிறுத்தும் இடத்தில் பால் டப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அண்ணாச்சி கடையில் தினமும் நான் பார்க்கிற அதே நீல டப்பாக்கள். அசோசியேஷன் செயலாளர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். விடியும் முன்பே கடையைத் திறக்கச் சொல்லி, கேட்ட விலையைக் கொடுத்து, அண்ணாச்சி ஒதுக்கி வைத்த ஒன்றிரண்டு போக இருந்த பாலையும் ரொட்டியையும் மொத்தமாகத் தூக்கி வந்திருக்கிறார்கள். பால் எங்கேயும் போய்விடவில்லை. எங்கள் கேட்டுக்குள்தான் இருந்தது.

வீட்டுக்கு ஆறு பாக்கெட். பிள்ளை இல்லாத வீட்டுக்கும் ஆறு.

"சார், ஆளுக்கு ரெண்டு குறைச்சுக்கிட்டா கோயில் ஹால்ல இருக்கிற குழந்தைகளுக்குக் கொடுக்கலாமே?" என்று கேட்டேன்.

"மேடம், இது ரெசிடென்ட்ஸ் காசுல வாங்கினது. எமோஷனல் ஆகாதீங்க."

பக்கத்திலிருந்த மூன்றாம் மாடி அம்மாள் சேர்ந்துகொண்டார். "ஒருத்தருக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேட்டுல வந்து நிப்பாங்க. கவர்ன்மென்ட் பார்த்துக்கும்மா."

அந்த அம்மாளின் வீட்டுக்குத் தினமும் காலையில் அக்காவின் இட்லிதான் போகும்.

என் பங்கை வாங்கிக்கொண்டு கதவு கதவாகத் தட்டினேன். சிலர் கதவைப் பாதி திறந்து, பிரிட்ஜில் இடமில்லாத அளவு வைத்துக்கொண்டே, "எங்களுக்கே பத்தாது" என்றார்கள். தரைத்தளத்தில் நான்கைந்து பேராகத் தங்கியிருக்கும் ஐ.டி. பையன்கள் மட்டும் மொத்தத்தையும் எடுத்து நீட்டினார்கள். "நாங்க பால் இல்லாம கட்டன் சாயா போட்டுக்குவோம் அக்கா" என்று அவர்களில் ஒருவன் என்னோடு தண்ணீரில் இறங்கி வந்தான். ஹாலில் அக்கா பெரிய அண்டாவில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். பையை வாங்கிப் பார்த்தார். "சரி, இன்னிக்கி ஓட்டிரலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் டிரான்ஸ்ஃபார்மர் போயிற்று. ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டும்தான். மறுநாள் முழுவதும் கரண்ட் வரவில்லை. அதற்கடுத்த காலை குப்பை போடக் கீழே போனேன். குப்பைத் தொட்டி நிறைந்து, அதைச் சுற்றிலும் பால் பாக்கெட்டுகள் கிடந்தன. வெட்டிக்கூடப் பார்க்காதவை. உள்ளே திரிந்து, காற்றடைத்த பை மாதிரி உப்பியிருந்தன. அந்தப் புளித்த நாற்றம் இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. அந்த நேரத்தில் போனில், ஃப்ளாட் வாட்ஸ்அப் குழுவில் செயலாளரின் செய்தி: கெட்ட பாலை யாரும் சிங்கில் ஊற்ற வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும்.

குழாயைப் பற்றித்தான் கவலை.

அவ்வளவு கோபம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. கிடந்ததையெல்லாம் பொறுக்கி ஒரு கறுப்புக் கவரில் போட்டேன். கனத்தது. மாடியேறிப் போய் செயலாளர் வீட்டு வாசலில் வைத்து மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன மேடம் இது?"

"ரெசிடென்ட்ஸ் காசு சார். வச்சுக்கோங்க."

மத்தியானத்துக்குள் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கட்டடத்தின் ஒற்றுமையைக் கெடுக்கிறேனாம். லிஃப்டில் நான் ஏறினால் மூன்றாம் மாடி அம்மாள் படியில் போக ஆரம்பித்தார். போகட்டும். அந்த ஒற்றுமை என்ன ஒற்றுமை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தண்ணீர் வடிந்தது. பால் பழைய விலைக்கு வந்தது. மற்றது எதுவும் வரவில்லை. மழையில் ஏறிய உளுந்தும் அரிசியும் எண்ணெயும் ஏறிய இடத்திலேயே நின்றுகொண்டன. கேட்டால் அண்ணாச்சி, "மேலேயே அப்படித்தான் வருது" என்றார். அந்த மேல் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

சேறு கழுவி அக்கா மறுபடி வண்டி போட்டார். இட்லிக்கு இரண்டு ரூபாய் ஏற்றியிருந்தார். நான் சட்னிக்குக் காத்திருந்தபோது செயலாளர் தூக்குப் பாத்திரத்தோடு வந்தார்.

"என்னம்மா, மழையைச் சாக்கா வச்சு இப்படி ஏத்துறியே? அநியாயமா இல்ல?"

எனக்குக் காது சூடேறியது. நான் வாய் திறப்பதற்குள் அக்கா கரண்டியை வைத்துவிட்டார்.

"உளுந்து இன்னா வெலைன்னு போய்க் கேட்டுகினு வா சார். வேணும்னா துன்னு, வேணாண்டா போய்க்கினே இரு."

அவர் காலிப் பாத்திரத்தோடு திரும்பிப் போனார். அக்கா என்னிடம், "காலங்காத்தால எங்கிட்டதான் நியாயம் கேக்க வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஈட்டை ஊற்றினார். அவருக்கு வேலை இருந்தது. செயலாளரோடு நான்தான் இன்றும் பேசுவதில்லை. நல்ல நாளில் அவர் வீட்டிலிருந்து வாசலுக்கு வந்து இனிப்பு நீட்டினார்கள், வாங்கவில்லை.