சிவப்புப் பக்கம்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. 'பூட்டு' என்றால்தான் தெரியும். கம்ப்யூட்டர் திரையின் மேல் மூலையில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வரவேண்டும், வரவேண்டும் என்று சொல்லியே எல்லோர் உயிரையும் எடுப்பவர் என்பதால் வந்த பட்டம். சர்வரைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அது ஓடுகிற வரைக்கும் இப்படியொரு மனிதர் மாடியில் உட்கார்ந்திருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் மட்டும் ஆளாளுக்குப் படியேறி வந்து முகத்தைக் காட்டுவார்கள். என்ன பிழைப்போ.

நோயாளிகளின் ரிப்போர்ட்டெல்லாம் அந்த சர்வரில்தான் ஏறும். முன்மேசையில் இருப்பவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே நுழைந்து அச்செடுத்துக் கொடுப்பார்கள். கூடத்தின் முதலாளியை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். அவர் ஒருநாள், "இதெல்லாம் திறந்து போட்ட மாதிரி கிடக்காமே, ஏதாவது பண்ணுங்க" என்றார். பூட்டுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

விஷயம் இவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஒரு சர்வரிடம் போகும்போது முதலில் 'நீ யார்' என்று கேட்கும். சர்வர் தன் சான்றிதழை நீட்டும். வெளியுலக சர்வர்களுக்கு ஊரறிந்த கம்பெனிகள் கையெழுத்துப் போட்டுத் தரும். கட்டடத்தை விட்டு வெளியே போகாத இந்த சர்வருக்கு யார் போடுவார்கள்? அதனால் பூட்டு தானே ஒரு முத்திரையை உண்டாக்கி, தானே கையெழுத்திட்டு, சான்றிதழை சர்வரில் ஏற்றினார். அதன் ரகசியச் சாவி அடங்கிய ஃபைலை வேறு யாரும் தொட முடியாத இடத்தில் வைத்தார். சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விட்டபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடியது.

ஆனால் அது பாதி வேலைதான். அவருடைய முத்திரை இன்னது என்று ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு தடவை சொல்லி வைக்கவேண்டும். சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் 'யார் போட்ட கையெழுத்தோ இது' என்று மிரண்டு, ஆபத்து என்று எழுதிய சிவப்புப் பக்கத்தை விரித்துவிடும். இதைத்தான் மேனேஜரிடம் போய்ச் சொன்னார்.

"ஒவ்வொரு மெஷினா போய் உக்காரப் போறீங்களா? வரிசையில நிக்கிறவங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்றார் மேனேஜர். "சிவப்பா வந்தா தாண்டிப் போக முடியாதா?"

"முடியும் சார். ஆனா…"

"அப்புறம் என்ன? தாண்டிப் போகச் சொல்லுங்க."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வாய் வரவில்லை. பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். மேனேஜர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதோடு விட்டுவிட்டார். மேஜையைத் தட்டி ஒரு வார்த்தை பேசியிருந்தால் தலையையா சீவிவிடுவார்கள்? ஆனால் சிலருக்கு முதுகெலும்பு உட்கார மட்டும்தான் பயன்படும்.

ஆக, மேஜை மேஜையாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். "சிவப்பா வந்தா பயப்படாதீங்க. கீழே ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு. ரெண்டு அழுத்து, அவ்வளவுதான்." கொஞ்ச நாளில் அது அங்கே பழக்கமாகிவிட்டது. புதிதாக வந்தவர்களுக்குப் பழையவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். போன் பேசிக்கொண்டே, கொட்டாவி விட்டுக்கொண்டே, திரையைப் பார்க்காமலே அழுத்தினார்கள்.

அவருடைய தங்கை அங்கே வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு. கட்டியவன் கைவிட்டுப் போய்விட, பெண் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசையோடுதான் வைப்பாள். அந்த ஓசை புரியாத அளவுக்குத் தங்கை மட்டி இல்லை. பூட்டு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் கெஞ்சி, தங்கைக்கு முன்மேசையில் வேலை வாங்கிக் கொடுத்தார். முதல் நாள் அவளுக்குப் பின்னாலேயே நின்றார். சிவப்புப் பக்கம் வந்ததும் அவள் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள்.

"அண்ணா, ஆபத்துன்னு போட்டிருக்கே."

"நம்ம சர்வர்தான்மா. நான் சொல்றேன்ல, அழுத்து."

அழுத்தினாள். அண்ணன் சொன்னால் அவளுக்கு அப்பீலே கிடையாது.

வேலை நிலைத்த தைரியத்தில் தங்கை தனிவீடு தேடினாள். ஓர் அறை, ஒரு சமையலறை, தெருப்பக்கம் ஒரு ஜன்னல். வீட்டுக்காரரிடம் பேசி, மாதம் பிறந்ததும் வருவதாகச் சொல்லிவிட்டாள். புதுக் குக்கர் ஒன்று வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். குழந்தை தினமும் அதை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே தள்ளும்.

அந்த வாரத்தில்தான் வந்தது வினை. காத்திருப்பவர்களுக்காக விட்டிருந்த வைஃபையும் அலுவலக இணைப்பும் ஒன்றுதான். எவனோ ஒருத்தன் நோயாளியோடு நோயாளியாக உட்கார்ந்து, சர்வருக்கும் முன்மேசைக்கும் நடுவில் தன்னுடைய பொய்ப் பக்கத்தை நுழைத்துவிட்டான். கம்ப்யூட்டர் தன் கடமையைச் சரியாகத்தான் செய்தது. ஆபத்து என்று சிவப்புப் பக்கத்தை விரித்தது. தங்கையும் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகத்தான் செய்தாள். கீழே ஒன்று, பக்கத்தில் ஒன்று. பிறகு பாஸ்வேர்டைப் போட்டாள். அது நேராக அவன் கைக்குப் போனது.

மறுவாரம் ரிப்போர்ட்டுகள் ஊரார் போனிலெல்லாம் சுற்றின. தனக்கு என்ன நோய் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொண்ட ஒரு பெண், முன்மேசையில் தலையை வைத்து அழுதாள்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போவதற்கு முன் மேனேஜர் பூட்டை வராந்தாவில் ஓரங்கட்டினார். "நான் சொன்னேன்னு நீங்க சொன்னா, சான்றிதழைப் போட்டது யாருன்னு பெரிய டாக்டர் கேப்பார். அப்புறம் உங்க வீட்ல ரெண்டு பேருக்கும் வேலை இருக்காது. யோசிச்சுக்குங்க."

பெரிய டாக்டர் தங்கையிடம் குரலை உயர்த்தாமலே கேட்டார். "ஆபத்துன்னு எழுதியிருக்கு. படிக்கத் தெரியும்ல? அழுத்தச் சொன்னது யாரு?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். கண் தரையில் இருந்தது. மேனேஜர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கதவருகே நின்ற முன்மேசைக்காரர்கள், நாள்தோறும் அழுத்திய அத்தனை பேரும், மூச்சுக்கூட விடவில்லை. அடப் பாவிகளா.

அவள் பார்வையைப் பெரிய டாக்டர் பக்கம் திருப்பினாள். "யாரும் சொல்லல சார். நானாத்தான் அழுத்தினேன்" என்றாள்.

அன்றே அனுப்பிவிட்டார்கள். பக்கத்துப் பரிசோதனைக் கூடங்களுக்கும் செய்தி போய்விட்டது. ஜன்னல் வைத்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள்.

அதற்கப்புறம் பெரிய டாக்டருக்கு ஞானம் பிறந்தது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் முத்திரையை ஏற்று, உடனே ஏற்று என்றார். மேனேஜரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "நிதானமாப் பண்ணுங்க, வரிசையை நான் பாத்துக்கறேன்" என்றார். பூட்டு மேஜை மேஜையாகப் போய் உட்கார்ந்து எழுந்தார். கடைசியாகத் தங்கை உட்கார்ந்திருந்த இடம். அங்கே ஒரு புதுப்பெண் இருந்தாள். திரையில் சிவப்பு வரவில்லை. மூலையில் பூட்டு வந்தது.

"இனிமே சிவப்பா வந்தா என்ன சார் பண்ணணும்?" என்று அவள் கேட்டாள்.

"தொடாதீங்க. யார் சொன்னாலும் அழுத்தாதீங்க."

"நீங்க சொன்னாக்கூடவா?" என்று விளையாட்டாகச் சிரித்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் சமையலறையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி பிரிந்து, குழந்தை அதற்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. தங்கை அவருக்குத் தட்டு வைத்தாள். அந்த நாளுக்குப் பிறகு இருவரும் சரியாகப் பேசிக்கொண்டதில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் அவரே ஆரம்பித்தார்.

"எல்லா மெஷின்லயும் போட்டாச்சு. இனிமே அந்தச் சிவப்பு வராது."

"நல்லது" என்றாள். சோற்றைப் போட்டாள். "போட்டு முடிக்க ரொம்ப நாள் ஆச்சோ?"

"இல்ல. இன்னிக்கு மத்தியானம் ஆரம்பிச்சேன். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுது."

கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே நின்றது.

"ஒரு மத்தியானம்தானா அண்ணா?" என்றாள்.